சிலேன் இல்லாத உருளைகள்

காஞ்சிரப்பள்ளி
11 ஜூன் 1997

அன்புள்ள வர்க்கிச்சனுக்கு,

இயேசுவுக்குப் புகழ். நான் சாராயம் காய்ச்சவில்லை, குடிக்கவும் இல்லை. ஞானஸ்நான விருந்தில், "எங்க அண்ணி கம்பெனிப் பக்கம் போனா, அந்த வாசத்துல கள்ளுக்கடையே தோத்துப்போகும்" என்று நீ சொன்னாயாம். மேசையே சிரித்ததாம். மறுநாள் பங்கு அச்சன் என் வாசலில் நின்றார். அவரை நேராகக் கலவை இயந்திரத்துக்கு அழைத்துப் போனேன்.

"அச்சனே, நல்லா மோந்து பாருங்க."

"அடடா! இது பூசைக்கு ஆகுமா?"

"ஆகாது. உங்க சமையல்காரருக்கும் ஆகாது."

அவருக்கு விளக்கியதை உனக்கும் எழுதுகிறேன். நெல் மில்லில் உமி உரிக்க நாம் வார்க்கும் ரப்பர் உருளையில் கரி போட்டால் அரிசி கறுக்கும். அதனால் வெள்ளை சிலிக்காப் பொடி போடுகிறோம். சிலிக்கா ரப்பரோடு ஒட்டாது, தனக்குள்ளேயே கட்டிப்பிடித்துக் கிடக்கும். சிலேன் என்ற மஞ்சள் எண்ணெய் ஒரு கையால் சிலிக்காவைப் பிடிக்கும். பிறகு அச்சில் வேகும்போது மறு கையால் ரப்பரைப் பிடிக்கும். அந்த முதல் பிடி விழும்போது எழுகிற சாராய ஆவிதான் உன் கள்ளுக்கடை. வாசம் வரவில்லை என்றால்தான் நான் பயப்படுவேன்.

உன் அண்ணன் இறந்தபோது கலவை எனக்கு, விற்பனை உனக்கு என்று பேசிக்கொண்டோம். ஆகஸ்டில் குடும்பம் கூடும்போது கலவையையும் நீ கேட்கப்போவதாகத் தெரிகிறது. கேட்டுக்கொள். தரமாட்டேன்.

அண்ணி,
ஏலியாம்மா


பாலக்காடு
19 ஜூன் 1997

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணிக்கு,

விருந்தில் சும்மா சிரிப்புக்குச் சொன்னது. நீங்கள் இதை அச்சன் வரைக்கும் இழுப்பீர்கள் என்று தெரிந்திருந்தால் வாயில் கட்லெட்டை அடைத்துக்கொண்டு இருந்திருப்பேன்.

ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மே மாதம் நீங்கள் பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தபோது சிலேன் இல்லாமல் ஒரு கலவை போடச் சொன்னேன். வாசமே இல்லை. அச்சில் வேகக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்தது, அவ்வளவுதான். கடினமானியை வைத்துப் பார்த்தால் உங்கள் உருளையைவிட மேலே காட்டுகிறது! இங்கே சாத்துண்ணி முதலாளி மில்லுக்கு அதைத்தான் கொடுத்திருக்கிறேன். அவருக்கும் திருப்தி.

வெளிநாட்டு எண்ணெய் இல்லாமலே உருளை நன்றாக வருகிறது. இனி அந்தச் சூட்டில் நீங்கள் ஏன் நிற்க வேண்டும்? பேரப்பிள்ளைகளோடு இருங்கள். குடும்பமும் அதைத்தான் விரும்புகிறது.

தங்கள்,
வர்க்கி


காஞ்சிரப்பள்ளி
24 ஜூன் 1997

வர்க்கிச்சனுக்கு,

என்னைக் கேட்காமல் என் இயந்திரத்தில் கலவை போட்டிருக்கிறாய். அதைப் பெருமையாக எழுதியும் அனுப்பியிருக்கிறாய்.

கடினமானி மேலே காட்டியது உண்மையாகத்தான் இருக்கும். சிலேன் இல்லாத சிலிக்கா ரப்பருக்குள் கட்டி கட்டியாக நிற்கிறது. முள் அந்தக் கட்டியை அழுத்தினால் கடினம் என்றுதான் சொல்லும். காய்ந்துபோன ரொட்டியும் கடினம்தான். கையில் எடுத்தால் உதிரும். நெல் உன் உருளையை அழுத்திப் பார்த்துவிட்டுச் சும்மா போகாது. நாள் முழுக்க உரசும்.

வேக ஏன் கூடுதல் நேரம் பிடித்தது என்று யோசித்தாயா? வேகவைக்கப் போடுகிற மருந்தைச் சிலிக்காவே விழுங்கியிருக்கிறது. சிலேன் இருந்திருந்தால் அதன் வாயை அடைத்திருக்கும்.

அந்த உருளைகளை உடனே திரும்ப வாங்கு. அவற்றின்மேல் இருப்பது உன் பெயர் அல்ல, கம்பெனியின் பெயர். குடும்பம் விரும்புவதைக் குடும்பம் என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

ஏலியாம்மா


பாலக்காடு
8 ஜூலை 1997

அண்ணிக்கு,

சாத்துண்ணி உங்களுக்குப் போன் செய்தால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உருளையின் ஓரம் லேசாகப் பெயர்ந்திருக்கிறது. மழை நெல், ஈரம் அதிகம், காரணம் அதுதான். நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் இந்த மழையில் புறப்பட்டு வர வேண்டாம். ஆகஸ்ட் வரை வீட்டில் யாரிடமும் இதைப் பேச வேண்டாம்.

வர்க்கி


காஞ்சிரப்பள்ளி
17 ஜூலை 1997

வர்க்கிச்சனுக்கு,

வர வேண்டாம் என்றாய், வந்தேன். அங்கே நடந்தது உனக்கும் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். ஆகஸ்டில் நீ வேறு மாதிரி சொல்வாய்.

சாத்துண்ணி முதலாளி ஒரு கை அரிசியை என்முன் நீட்டினார். அதில் வெள்ளைத் துணுக்குகள். "அம்மா, இது அரிசியா, உங்க ரப்பரா? இதைச் சோறாக்கித் தின்னச் சொல்றீங்களா?" என்றார். பக்கத்து இயந்திரத்தில் பழைய கலவையில் வார்த்த என் உருளைகள் ஓடிக்கொண்டிருந்தன. அதே நெல், அதே ஈரம். இரண்டு உருளைகளையும் நீ தடவிப் பார்த்தாய். உன்னுடையதன் ஓரம் உன் விரலோடு உதிர்ந்து வந்தது.

"அண்ணி, வெளிய போயி பேசிக்கலாம்."

"இங்கயே பேசுவோம். அவரோட அரிசிதானே கெட்டுச்சு?"

குறை எங்கள் கம்பெனியுடையது, எல்லா உருளையும் மாற்றித் தருகிறோம், கெட்ட அரிசிக்கும் ஈடு தருகிறோம் என்று அவரிடம் சொன்னேன். யார் கலவை என்று அவர் கேட்டார். "எங்களோடது" என்றேன். உன்னைக் காப்பாற்ற அப்படிச் சொல்லவில்லை. வெளியாள் முன்னால் என் கம்பெனியை இரண்டாகப் பிளக்க எனக்கு மனமில்லை.

ரயில் நிலையத்தில் என் பையைத் தூக்கிக்கொண்டு, "இனி கலவையைத் தொடமாட்டேன் அண்ணி, சத்தியமா" என்றாய். உன் வாய்ச்சொல்லை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். விற்பனையில் உன்னை மிஞ்ச ஆள் இல்லை. சாத்துண்ணி இன்னமும் உன்னிடம்தான் சிரித்துப் பேசுகிறார். அந்த வேலை உன்னுடையதாகவே இருக்கட்டும். கலவை நான் சாகும்வரை என்னுடையது. அதற்குப் பிறகு யாருக்கு என்பதையும் நானே சொல்வேன்.

இதற்கு நீ சம்மதித்தால் நாம் முன்புபோல இருப்போம். இல்லையென்றால் ஆகஸ்டில் கம்பெனியைப் பிரித்துக்கொள்வோம். அதற்கும் நான் தயார்.

போன் செய்யாதே, எடுக்கமாட்டேன். ஆள் அனுப்பாதே. சம்மதமா இல்லையா என்று உன் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டு, தபாலில் அனுப்பு.

ஏலியாம்மா