வாலு என்று யாரும் கூப்பிடாத ஊர்

பிப்ரவரி 9

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய்? சாப்பாட்டுக்கு முன்னால் மாத்திரை போடுகிறாயா, இல்லை வழக்கம்போல் சாப்பிட்டு முடித்துவிட்டு "அடடா" என்கிறாயா?

போனில் பேசாமல் இதென்ன காகிதம் என்று உனக்குக் கோபம் வந்திருக்கும். போன தடவை நான் பேசியதைப் பதிவு செய்து, "வேலைக்குப் போன வாலு அழுதாள்" என்று உன் யூடியூப் சேனலில் ஏற்றிவிட்டாய். நான் மூக்கு உறிஞ்சினது வரைக்கும் அதில் கேட்டது. அதனால்தான் காகிதம். இது உனக்கு மட்டும்.

மூக்குக் கண்ணாடிக் கடை வேலை பிடித்திருக்கிறது. கண்ணாடிக் கம்பியைச் சூட்டில் காட்டி, அவரவர் காதுக்குத் தகுந்தபடி வளைத்துக் கொடுக்கிறேன். போட்டுப் பார்த்து, "அட, உன் முகம் இப்பதான்மா தெரியுது" என்று சிரிக்கிறார்கள். தையல்கடைக்கு மேலே ஒரு சின்ன அறை. பகலெல்லாம் மெஷின் சத்தம். இந்த ஊரில் யாருக்கும் நான் வாலு இல்லை. அது எவ்வளவு நிம்மதி தெரியுமா?

நிம்மதியாக இருந்தது என்றுதான் இப்போது சொல்லவேண்டும். போன வாரம் எங்கள் கடைக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில், லென்ஸ் அறுக்கிற அண்ணன் ஒரு ஸ்டிக்கர் போட்டார். சாப்பாட்டு மேஜைக்கு அடியில் ஒரு சின்னப் பெண் வாயைப் பிளந்து அழுகிறாள். கீழே, "திங்கட்கிழமை காலையில் நான்." எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் ஒரு சிரிப்புப் படம் போட்டேன். போடாவிட்டால் ஏன் என்று கேட்பார்களே.

அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு நான் அழுததை நீ வீடியோ எடுத்துப் போட்டாயே, அதிலிருந்து வெட்டின படம் அது. எனக்கு ஒன்பது வயது.

அந்த ஒரு வீடியோவைச் சேனலிலிருந்து எடுத்துவிடு அம்மா. மற்றதெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும்.

உன் மகள்


பிப்ரவரி 21

என் வாலுக்குட்டிக்கு,

அம்மாவின் ஆயிரம் முத்தங்கள். உன் கையெழுத்தைப் பார்த்ததும் உயிர் போய் உயிர் வந்தது. முத்து முத்தாக எழுதியிருக்கிறாய், கண்ணாடிக்காரி!

இங்கே எல்லாம் அப்படியேதான். லிஃப்ட் இன்னும் சரியாகவில்லை. மூன்று மாடி ஏறுவதற்குள் தலை சுற்றிவிடுகிறது. போன வியாழக்கிழமை பாதிப் படியில் உட்கார்ந்தேபோய்விட்டேன். பயப்படாதே, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. அங்கே உட்கார்ந்தபடியே லைவ் போட்டேன். "அம்மா தண்ணி குடிங்க", "அம்மா மெதுவா எழுந்திருங்க" என்று எத்தனை பேர்! பெற்ற பெண் பக்கத்தில் இல்லாத குறையே தெரியவில்லை. குத்திக்காட்டுகிறேன் என்று நினைக்காதே. கொஞ்சம் குத்திக்காட்டுகிறேன்தான்.

வீடியோ விஷயம். கோபப்படாமல் கேள். உன் அப்பா போனபிறகு நம் வீட்டை யார் எட்டிப் பார்த்தார்கள்? உன் பெரியப்பாவா? சித்தியா? முகம் தெரியாத இவர்கள்தானே "பாப்பா அழாதே" என்று எழுதினார்கள்? அன்றைக்கு நான் தூக்குப் போட்டுக்கொள்ளாமல் இருந்தேன் என்றால் அது அவர்களால்தான். அதை எடுத்தால் அவர்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினதுபோல் ஆகிவிடாதா? யாரோ ஒரு மடையன் ஸ்டிக்கர் செய்ததற்கு நாம் என்ன செய்ய முடியும்?

நீ போனதிலிருந்து சேனலும் வெறிச்சோடிக் கிடக்கிறது. நான் வீடு துடைப்பதை யார் பார்ப்பார்கள்? "வாலு எங்கே" என்றுதான் கேட்கிறார்கள். கடையில் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரே ஒரு போட்டோ அனுப்பேன். அம்மாவுக்காக.

உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா


மார்ச் 3

அம்மா,

படியில் உட்கார்ந்தால் எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிடு. லைவ் போடாதே. அவர்கள் யாரும் உனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தரமாட்டார்கள்.

அவர்களால்தான் நீ உயிரோடு இருந்தாய் என்றால், அவர்களுக்கு நானும் கடன்பட்டவள்தான். மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன்.

அந்த வீடியோவை எல்லோரும் நடுவிலேயே நிறுத்திவிடுகிறார்கள். நான் முழுசாகப் பார்த்திருக்கிறேன். கடைசியில் நான் இரண்டு கையையும் நீட்டுகிறேன், தூக்கச் சொல்லி. நீ, "ஒரு நிமிஷம்டா, இங்க பாரு" என்கிறாய். நான் பார்க்கிறேன். அதோடு முடிந்துவிடுகிறது.

அதற்கப்புறம் நீ என்னைத் தூக்கினாயா அம்மா? எனக்கு ஞாபகமே வரவில்லை. அந்த நாளை நினைத்தாலே அந்த வீடியோதான் வருகிறது, அது நிற்கிற இடத்தில் நானும் நின்றுவிடுகிறேன். தூக்கினேன் என்று ஒரு வார்த்தை எழுது. நம்பிக்கொள்கிறேன்.

மாதக் கடைசியில் லீவு கேட்டிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறேன். அந்த வீடியோ இருக்கக்கூடாது. நான் இருக்கிற வரைக்கும் உன் போன் அலமாரிக்குள் இருக்கவேண்டும். சமைத்துப் போடு, திட்டு, தலைக்கு எண்ணெய் வை, என்ன வேண்டுமானாலும் செய். நாம் இரண்டு பேர் மட்டும்.

உன் மகள்


மார்ச் 15

என் தங்கமே,

எடுத்துவிட்டேன்! அந்த வீடியோவை எடுத்தே விட்டேன். உனக்காகத்தான் எடுத்தேன். இப்போது சந்தோஷமா?

திடீரென்று ஏன் எடுத்தீர்கள் என்று எல்லோரும் கேட்பார்களே, அவர்களுக்குப் பதில் சொல்லவேண்டாமா? அதனால் உன் இரண்டு கடிதங்களையும் படித்துக் காட்டினேன். முழுக்க இல்லை, அப்பாவைப் பற்றி வருவதை விட்டுவிட்டேன். "ஒரு நிமிஷம்டா" என்கிற இடத்தை இரண்டு தடவை படித்தேன். ஊரே அழுதுவிட்டது போ! பழைய வீடியோவை இவ்வளவு பேர் பார்த்ததில்லை. உன்னைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். எவ்வளவு அழகாக எழுதுகிறாள் பாருங்கள் என்று உன் உறையையும் கேமராவுக்குக் காட்டினேன். பின்பக்கம் உன் கடை முகவரி இருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். நல்லதுக்குத்தான். உன் ஊர்க்காரர்கள் சிலர் கடைக்கு வந்து உன்னைப் பார்ப்பதாகச் சொன்னார்கள். இனி அங்கே நீ தனியாக இல்லை.

தூக்கினேனா என்று கேட்டாயே. பழைய போனைத் தேடி எடுத்து, சார்ஜ் போட்டு, எல்லாப் பதிவையும் பார்த்துவிட்டேன். அதற்கப்புறம் எதுவும் இல்லை. ஆனால் தூக்கியிருப்பேன் கண்ணே. தூக்காமல் இருப்பேனா? எல்லோரும் அதைத்தான் எழுதியிருக்கிறார்கள், "கண்டிப்பா தூக்கியிருப்பீங்கம்மா" என்று.

எந்த வண்டியில் வருகிறாய்? வாசலில் நீ வந்து நிற்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அப்புறம் போன் அலமாரிக்குள். சத்தியம்.

அம்மா


மார்ச் 29

நேயர்களுக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தை அம்மா உங்களுக்குப் படித்துக் காட்டுவார். எப்படியும் படிப்பார் என்பதால் உங்களுக்கே எழுதிவிடுகிறேன்.

உங்களில் சிலர் கடைக்கு வந்தீர்கள். அன்பாகத்தான் பேசினீர்கள். ஒரு அக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். கூட வந்தவர், "கல்லாவுக்கு அடியில ஒரு தடவை உக்காரும்மா, ஒரே ஒரு போட்டோ" என்றார். லென்ஸ் அறுக்கிற அண்ணன் இப்போது என் முகத்தைப் பார்ப்பதே இல்லை. பாவம், அந்த ஸ்டிக்கரில் இருப்பது நான்தான் என்று அப்போது அவருக்குத் தெரியாது. முதலாளிக்கு மட்டும் மகிழ்ச்சி. "வாசல்ல உன் படத்தைப் போட்டு ஒரு போர்டு வைக்கலாமாம்மா" என்று கேட்டார். அன்றைக்கு மாலையே சம்பளக் கணக்கை முடித்துக்கொண்டு வேலையை விட்டுவிட்டேன். அறையையும் காலி செய்துவிட்டேன். இந்த உறையின் பின்பக்கம் எதுவும் எழுதியிருக்காது. அம்மா அதைத் தாராளமாகக் காட்டலாம்.

சொன்னபடி நான் வீட்டுக்குப் போகவில்லை. பஸ் நிலையம் வரைக்கும் போனேன். வாசலில் போனைப் பிடித்துக்கொண்டு அம்மா நிற்பார் என்று நினைத்ததும் திரும்பி வந்துவிட்டேன். இனியும் போகமாட்டேன்.

நீங்கள் எல்லோரும் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுகிறீர்கள். அதனால் உங்களிடம் ஒப்படைக்கிறேன். சாப்பாட்டுக்கு முன்னால் மாத்திரை போடவேண்டும், மறந்துவிடுவார். நான் சொன்னால் "சரி சரி" என்பார், நீங்கள் சொன்னால் உடனே போடுவார். தினமும் ஒருவராவது கேளுங்கள். அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகம் வந்தால் தூங்கமாட்டார். அணைத்துவிட்டீர்கள் என்று சொல்லுங்கள்.

படியேறும்போது அவருக்குத் தலை சுற்றும். லிஃப்ட் இல்லை. என்றைக்காவது பாதிப் படியில் விழுந்து கையை நீட்டினால், உங்களில் யார் பக்கத்தில் இருந்தாலும் சரி, ஒரு நிமிஷம் என்று சொல்லாமல் தூக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
அவருடைய மகள்