காதுக்குக் கீழே அதே வெட்டு

ஆவணி, செவ்வாய் இரவு, செஞ்சி. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல போன் எழுதிக்கொள்கிறது.

மகள் செல்விக்கு அடுத்த வாரம் அனந்தபுரத்தில் கல்யாணம். இறந்துபோன அவள் அம்மாவின் வெள்ளிக்காசு மாலையில் ஒரு காசு இல்லை. அதற்கு ஈடாக, போனில் ஏலத்துக்கு வந்த பழைய காசு ஒன்றைக் காட்டினாள்.

“முடியப்போவுது நைனா. கேக்கட்டுமா?”

காசில் இருந்த ராஜா தலையில், காதுக்குக் கீழே சின்ன வெட்டு. போன மாதம் இதே போனில் வேறொருவர் விற்ற காசிலும் அதே இடத்தில் அதே வெட்டு இருந்தது. கைமாறித் தேய்ந்த இரண்டு காசில் ஒரே மாதிரி வெட்டு விழாது. ஒரே அச்சில் வார்த்திருக்கிறார்கள்.

“வேணாம்மா, போலி.”

போனைக் கீழே வைத்தாள். பிறகு, “அம்மாவே ஒரு காசு இல்லாமதான போட்டுங்கினு இருந்துச்சி. நானும் அப்படியே போட்டுக்கறேன். நீ டென்ஷன் ஆவாத” என்றாள்.

கல்யாணப் பெண்ணுக்கு நான் சொல்லவேண்டிய ஆறுதலை அவள் எனக்குச் சொல்கிறாள்.