நீலத் திரைக்குப் பின்னால் ஒரு முகம்

இன்று காலை உன் லேப்டாப் பையைத் திறந்தேன். குப்பென்று பூஞ்சை வாடை. நம் ஈரத் தீவில், இந்த மரைன் ஹில் பகுதியில் எந்த அலமாரியைத் திறந்தாலும் வருகிற வாடைதான். ஆனால் எனக்கு உடனே செல்லம்மா கொடுத்த அவர் மகனின் புகைப்படம்தான் நினைவுக்கு வந்தது. லேப்டாப்பை ஆன் செய்தேன். அதே நீலத் திரை. நாற்பத்தெட்டு இலக்கச் சாவியைக் கொடு என்கிறது.

நீ இருந்தவரை அது இப்படிக் கேட்டதே இல்லை. நீ கண்மூடிய பிறகும் உன் மனைவி உன் ரகசிய நம்பரைப் போட்டால் திறந்துகொண்டது. போன மாதம் அடியோடு நின்றுபோகவே, பஜாரில் கொடுத்து உள்ளே இருந்த போர்டை மாற்றினாள். போர்டு மாறியதும் யாரோ திருடன் திறக்கிறான் என்று அதற்குச் சந்தேகம். வாங்கிய நாளிலிருந்தே உள்ளே எல்லாம் பூட்டித்தான் இருந்திருக்கிறது. அப்படியொரு பூட்டு இருப்பதே நமக்குத் தெரியாது.

"அண்ணா, நீங்கதானே அவரு கூடப் போயி வாங்குனீங்க?" என்று என்னிடம் கொண்டுவந்தாள்.

ஆமாம், நான்தான் போனேன். சென்னைக் கடையில் மின்னஞ்சல் கணக்கு கேட்டார்கள். உன் பாஸ்வேர்டு உனக்கே மறந்துபோயிருந்தது. கடை ஊழியரிடம், அவருடைய கணக்கையே போடச் சொன்னாய். நான் முறைத்தேன்.

"அரே யார், இங்க நெட் பறக்குது. நம்ம ஊர்ல நாள் பூரா சக்கரம் சுத்தும். போயி மாத்திக்கலாம்" என்று நம்மூர் இந்தி கலந்து சொன்னாய்.

தீவுக்காரர்கள் எல்லாருக்கும் உள்ள பழக்கம்தான். நெட் வேண்டிய வேலையை மெயின்லேண்டிலேயே முடித்துக்கொண்டு கப்பல் ஏறிவிடுவோம். ஊருக்கு வந்து நீ மாற்றவே இல்லை. அந்த நாற்பத்தெட்டு இலக்கச் சாவி அந்தக் கடை ஊழியரின் கணக்கில் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்த லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டுதான் நீ பிறந்த கச்சால் தீவுக்குப் போனோம். சுனாமியில் போனவர்களின் படங்களை வீடு வீடாகக் கேட்டு ஸ்கேன் செய்தாய். இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்து ரப்பர் வெட்டிய குடும்பங்கள். செல்லம்மா தன் மகனின் படத்தைக் கொடுத்தார். அவரிடம் எஞ்சியது அது ஒன்றுதான். பூஞ்சை பிடித்து ஊறிப்போயிருந்தது. ஸ்கேன் முடிந்து எடுத்தபோது முகம் ஸ்கேனர் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, வெறும் தாள் கையில் வந்தது. நீ வெளிறிப்போனாய். பிறகு திரையில் அந்த முகத்தைக் காட்டி, "பயப்படாதடா, உள்ள பத்திரமா இருக்கு" என்றாய்.

பத்திரமாகத்தான் இருக்கிறது, பாவி. அதுதான் இப்போது பிரச்சினையே.

அந்தச் சென்னைக் கடை ஊழியரைப் போனில் தேடிப் பிடித்துவிட்டேன். கடையை விட்டுப் போய் வெகுநாளாகிவிட்டதாம். பொறுமையாகக் கேட்டார். நான் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தேன். "அந்த அக்கவுண்ட்டே இப்ப இல்லைங்க சார்" என்றார். பஜார் மெக்கானிக் ஃபார்மேட் அடித்தால், உள்ளே இருப்பதெல்லாம் அழிந்து, புதுசாகிவிடும் என்கிறார். நல்லவர்தான். ஆனாலும் லேப்டாப்பை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் செல்லம்மா கூப்பிட்டார். நீ பிரிண்ட் போட்டு அனுப்புவதாகச் சொன்ன படம் வந்துவிட்டதா என்று கேட்டார். மறைக்க மனம் வரவில்லை, சொல்லிவிட்டேன்.

"நீங்க பாத்தீங்கதானே தம்பி? அவன் சிரிச்சுக்கிட்டா இருந்தான்? எனக்கு இப்ப மொகம் சரியா வர மாட்டேங்குது."

"வாய் மூடித்தாம்மா இருந்துச்சு. கண்ணுதான் சிரிச்சுச்சு. வலது புருவத்துல ஒரு தழும்பு."

"ஆமா, கொய்யா மரத்துல இருந்து விழுந்தான்" என்று அழுதார். மறுபடியும் கூப்பிடுவதாகவும், அப்போது திரும்பச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார்.

அதிலிருந்து அடிக்கடி கூப்பிடுகிறார். நான் அதையே சொல்கிறேன். நீ விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது, ஒரே ஒருமுறை பார்த்த அந்த முகம்தான். இன்று காலை பல் துலக்கும்போது தடுமாறிவிட்டேன். தழும்பு வலது புருவத்திலா, இடதிலா? அதற்காகத்தான் பையைத் திறந்தேன்.

அவர் கூப்பிடுகிற நேரம் ஆகிறது. வலது என்றே சொல்லப்போகிறேன்.