வெள்ளிக்கிழமை மட்டும் வரும் நீலத் திரை

என்னங்க,

குழம்பு அடுப்பின் மேல் இருக்கிறது. சுடவைத்துச் சாப்பிடுங்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் வினாத்தாள் அடிக்க நான் கம்ப்யூட்டரைப் போட்டால், நீலத் திரை வந்து டிஸ்க்கைச் சோதிக்கிறது. "நீ கை வெச்சாலே கெட்டுப்போவுது" என்றீர்கள். சோதனை முடிவெல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஈவென்ட் வியூவர் என்ற குறிப்பேட்டில் பதிவாகியிருக்கும் என்று எங்கள் ஸ்கூல் லேப் டீச்சர் சொல்லிக்கொடுத்தார். நேற்று தேடிப் படித்தேன்.

டிஸ்க்கில் ஒரு பழுதும் இல்லை. முந்தின நாள் ஒழுங்காக நிறுத்தாமல் சுவிட்சை அணைத்தால்தான் இந்தச் சோதனை வருமாம். மொத்தம் ஐந்து பதிவுகள். ஐந்தும் வெள்ளிக்கிழமை.

வியாழன் சாயங்காலம் நான் குழந்தை இயேசு கோயிலில், நொவேனா ஜெபத்தில் இருப்பேன். நீங்கள் தலைவலி என்று வீட்டில் படுத்திருப்பீர்கள்.

இன்றும் வியாழன். ஏழரைக்கு வந்துவிடுவேன். கேட் சத்தம் கேட்டதும் பாய்ந்துபோய் சுவிட்சை அணைக்காதீர்கள். கம்ப்யூட்டரில் ஆடும் சீட்டாட்டத்தை மூடிவிட்டு, நிதானமாக ஷட் டவுன் கொடுங்கள். அதுவரை வாசலிலேயே நிற்கிறேன்.

ரெஜினா

இன்னொன்று: ஐந்து வாரமாக நொவேனாவில் உங்கள் தலைவலிக்காகத்தான் வேண்டிக்கொண்டேன். இன்றைக்கு அந்த டிஸ்க்குக்காக வேண்டிக்கொள்கிறேன்.