செல்லம்மாவின் கட்டு

ஞாயிறு, இரவு.

இன்று ஜெயித்தோம்.

என் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் செல்லம்மாவால் நடக்காமல் இருக்க முடியாது. போன மாதம் ஒருமுறை விழுந்துவிட்டாள். அன்றிலிருந்து இந்தக் கட்டுகஸ்தோட்டை முதியோர் இல்லத்தில் பகல் முழுக்க அவளைச் சேலைத் துண்டால் கதிரையோடு கட்டி வைத்தார்கள்.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த காலத்தில் ஒருத்திக்கு அநியாயம் நடந்தால், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்துக்கு நாங்கள் யாருமே போகமாட்டோம். இன்றும் அதைத்தான் செய்தோம். தேத்தண்ணி மணி அடித்தும் ஒருவரும் போகவில்லை. கதிரைகளை இழுத்துச் செல்லம்மாவைச் சுற்றிப் போட்டு, ஆளுக்கொரு துண்டால் இடுப்பைக் கதிரையோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம்.

மேட்ரன் ஓடி வந்தார். "என்ன கூத்து இது?"

"எங்களுக்கும் வயசாச்சு மிஸ். நாங்களும் விழுவோம். முடிச்ச நல்லா இறுக்கிட்டுப் போங்க," என்றேன்.

"அவங்க விழுந்தா யாரு பொறுப்பு?"

"நீங்கதான். அதுக்குத்தானே இருக்கீங்க? மனுசங்களக் கட்டிப் போட ஒங்களுக்கு யாரு உரிமை குடுத்தா?"

அந்நேரம் ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பார்க்க வரும் எங்கள் பிள்ளைகளின் பேச்சு வாசலில் கேட்டது. அவர்கள் கண்ணில் படும் முன்னே மேட்ரன் குனிந்து தன் கையாலேயே செல்லம்மாவின் முடிச்சை அவிழ்த்தார். இனி செல்லம்மா நடக்கும்போதெல்லாம் ஒரு பணிப்பெண் கூடப் போவாள் என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

இப்போது வராந்தாவில் இரண்டு சோடிச் செருப்புகளின் சத்தம். போகிறது, திரும்பி வருகிறது. எனக்குத் தூக்கமே வரவில்லை.

நடக்கட்டும்.