என் டம்ளர், அவன் தராசு

ஜூலை 20, ஞாயிறு

விடிந்ததிலிருந்து ஆடிக்காற்று. காயப்போட்ட துணியெல்லாம் புழுதி. மறுபடி அலசல்.

மத்தியானம் கொழுந்தன் சிவா சாப்பிட வந்தான், கையில் புது தராசு. துடியலூரில் அவன் பேக்கரி. அங்கே தேங்காய் கேக்குக்கு மாவு கலப்பது நான்தான், இரண்டு வருஷமாக. தினமும் காலையில் போய், அங்கேயே வைத்திருக்கும் என் எவர்சில்வர் டம்ளரில் மைதா அளந்து. இப்போது எல்லாம் கிராமில் வேண்டுமாம்.

"டம்ளர் கணக்கு கடையில யாருக்கும் புரியறதில்லீங்க அண்ணி. கிராம்ல சொல்லிப்போட்டீங்கன்னா உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்."

அலைச்சல் என்று நான் எப்போது சொன்னேன்? நான் தலைவாரி, நல்ல புடவை கட்டிப் போகிற ஒரே இடம் அது.

என் வீட்டுக்காரர் தட்டிலிருந்து தலையே தூக்கவில்லை. "சொல்லிப்போடு அம்மணி."

வாங்க வேண்டியது: ஏலக்காய், மூட்டுவலித் தைலம், பல்பு.

ஜூலை 23, புதன்

இரண்டு நாளாகக் காய்ச்சல். கடைக்குப் போகவில்லை. ரசம் சாதம் மட்டும்.

சிவா போன். "அண்ணி, கேக்கு நடுவுல குழி உழுந்துபோச்சுங்க. எல்லாமே."

"எப்படி அளந்தே?"

"உங்க டம்ளர்லதானுங்க. கத்தியில தலை தட்டி, தராசுல வெச்சு, அந்தக் கணக்குக்குப் போட்டோம். வீடியோவுல அப்படித்தான் சொல்றாங்க."

தலை தட்டினானாம்! எங்கள் அம்மா வீட்டில் அரிசியோ மாவோ தலை தட்டி அளந்தால் கஞ்சப் பிசினாறி என்பார்கள். குவித்துத்தான் அளக்க வேண்டும். என் கைக்கு வேறு தெரியாது. மாவு குறைந்தால் குழி விழாமல் என்ன செய்யும்.

சந்தோஷமாக இருந்தது. நிஜமாகவே.

ஜூலை 25, வெள்ளி

காய்ச்சல் விட்டது. வாய் கசப்பு போகவில்லை. கடைக்குப் போனேன். சிவா தராசோடு காத்திருந்தான். குவித்து ஒரு டம்ளர்: 168. இன்னொன்று: 161. இன்னொன்று: 172.

"என்னங்க அண்ணி, தடவைக்கு ஒண்ணா வருது?"

"கேக்கு ஒரே மாதிரிதானே வந்துட்டு இருக்குது?"

அவன் மூன்றையும் கூட்டி, வகுத்து, 167 என்று பெரிதாக எழுதி அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டினான்.

வேண்டுமென்றே கொஞ்சம் குறைத்து அள்ளியிருக்கலாம். கை வரவில்லை. கிறுக்கி நான். நல்லவள் என்று எவன் பட்டம் கொடுக்கப்போகிறான்?

ஜூலை 28, திங்கள்

வழக்கம்போல ஏழு மணி பஸ். போனால் கேக் எல்லாம் வெந்து, ஆறிக்கொண்டிருக்கிறது. என் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு புது மாஸ்டர் ஒருவர்.

சிவா ஒரு துண்டு நீட்டினான். தின்றேன். கேவலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் தின்றேன். என் கேக். அச்சு அசல்.

"நல்லா வந்துருக்குதுங்களா? இனி நீங்க நிம்மதியா ஊட்டுல இருங்க அண்ணி." டம்ளரைக் கழுவித் துடைத்து ஒரு கவரில் போட்டுத் தந்தான். மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் சீட். இவ்வளவு சீக்கிரம் வீட்டுக்குப் போய் என்ன செய்வது என்று தெரியவில்லை. அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த அம்மா, "கண்ணுல தூசிங்களா?" என்றார். ஆமாங்க என்றேன்.

ஜூலை 30, புதன்

காற்று நின்றபாடில்லை. கேஸ் வந்தது.

வீட்டுக்காரர்: "சாயங்காலம் தேங்கா கேக்கு ஒண்ணு போடு கண்ணு. நாக்கு கேக்குது."

"கடையில வாங்கிட்டு வாங்க."

"நீ இருக்கையில கடை எதுக்கு?"

"நான் எதுக்குங்க? அதான் செவுத்துல ஒட்டியிருக்குதே."

சிரித்தார். சிரிக்கத்தான் சொன்னேன் என்று நினைத்துவிட்டார்.

துணி ஊறப்போட்டேன். டம்ளர் இப்போது சோப்புத்தூளுக்கு. தலை தட்டித்தான் போடுகிறேன்.