கண்ணாடித் திராட்சை

என் தங்க அப்பாவுக்கு,

நீங்கள் போன பிறகு இந்த வீட்டுக்குள் திராட்சை வந்ததே இல்லை. நேற்று வாங்கினேன். பழக்கடை அண்ணாச்சி நீட்டின பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன்.

உங்கள் பேரன் ஜோயலுக்கு நாளைக்கு ஆறு வயது முடிகிறது. கேக் வேண்டாமாம், கண்ணாடித் திராட்சைதான் வேண்டுமாம். ஃபோனில் பார்த்திருக்கிறான். திராட்சையைக் குச்சியில் குத்திக் கொதிக்கிற சீனிப்பாகில் முக்கி எடுத்தால், மேலே கண்ணாடி மாதிரி இறுகிவிடும். கடித்தால் மடக்கென்று உடையும். அந்தச் சத்தத்துக்காகவே தின்கிறார்கள்.

எனக்குச் சத்தம் இல்லாததுதானே பயம். மூன்று வயதில் ஒரு முழுத் திராட்சை அவன் தொண்டையில் அடைத்துக்கொண்டதே, நினைவிருக்கிறதா? இருமல் இல்லை, அழுகை இல்லை, உதடு மட்டும் நீலமாகிக்கொண்டு வந்தது. நான் கத்தினேன். கத்த மட்டும்தான் செய்தேன். நீங்கள்தான் அவனை முழங்கால்மேல் குப்புறப் போட்டு, முதுகில் ஓங்கி நாலு அடி அடித்து வெளியே எடுத்தீர்கள்.

"ஏளா, இருமுதான்னா விட்டுரணும். சத்தமே வரலைன்னாத்தான் கைய வைக்கணும்" என்றீர்கள். பிறகு டீயைக் குடித்துக்கொண்டே, கடலுக்குள் மூழ்கிச் சங்கு குளிக்கப் போன காலத்தைப் பற்றிச் சொன்னீர்கள். "தண்ணிக்குள்ள கெடந்த எனக்கு என்ன பயம்? வள்ளத்துல என் இடுப்புக் கயித்தப் பிடிச்சிட்டு இருந்தாம் பாரு உங்க மாமன், அவனுக்குத்தான் பயம்."

இப்போது நீங்கள் இல்லை. உங்கள் மருமகன் கப்பலேறி நாலு மாதமாகிறது. வீட்டில் நான் மட்டும்தான்.

இன்று மதியம் செய்து பார்த்தோம். முதலில் ஒவ்வொரு பழத்தையும் நாலாக நறுக்கினேன். நறுக்கின இடத்தில் நீர் கசிந்து பாகு ஒட்டவே இல்லை, வழுக்கிக்கொண்டு ஓடியது. ஜோயல் எட்டிப் பார்த்து, "இது கண்ணாடி இல்லம்மா, கஞ்சி" என்றான். வேறு வழியில்லாமல் முழுசாகவே ஈரம் போகத் துடைத்து முக்கினேன். நம் ஊர்க் காற்றுக்கு அரை மணி நேரத்தில் பிசுபிசுத்துவிடும், செய்த கையோடு தின்றாக வேண்டும். குச்சியை உருவிவிட்டுக் கையில் கொடுத்தேன். உட்கார்ந்துதான் தின்ன வேண்டும், பாதி பாதியாகக் கடிக்க வேண்டும், வாயில் இருக்கும்போது மூச், பேசக் கூடாது என்று ஆயிரம் சட்டம் போட்டேன்.

ஒவ்வொரு மடக் சத்தத்துக்கும் எனக்கு உயிர் வந்தது. ஏழு தின்றான். எட்டாவதுக்குச் சத்தம் வரவில்லை.

திரும்பிப் பார்த்தால் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, கண்ணை உருட்டி என்னையே பார்க்கிறான். "ஜோயல்" என்றேன். பதில் இல்லை. அடுத்து என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது அப்பா. அவன் என் முழங்கால்மேல் குப்புறக் கிடந்தான், என் கை அவன் முதுகில் விழுந்தது. ஒரே அடி. திராட்சை அடுப்படி வரைக்கும் உருண்டது.

"எம்மா, எதுக்கு அடிச்ச? நான் சீனிய உருக விட்டுட்டு இருந்தேன். நீதான பேசக்கூடாதுன்ன" என்று ஓவென்று அழுதான்.

அவனைக் கட்டிக்கொண்டு அவனைவிட அதிகமாக நான் அழுதேன். அழுது முடித்த பிறகுதான் உறைத்தது, இந்தத் தடவை நான் கத்தவில்லை. நீங்கள் கவனித்தீர்களா?

நாளைக்கு அவன் கூட்டாளிகள் அஞ்சு பேர் வருகிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று இந்த நிமிடம்கூட நினைக்கிறேன். கயிற்றைப் பிடித்திருந்த மாமாவுக்கும் இப்படித்தான் பயமாக இருந்திருக்குமா?

ஆனாலும் செய்வேன். ஆளுக்கு ஒவ்வொன்றாக என் கையால் கொடுப்பேன். கடைசிப் பிள்ளை விழுங்கி முடிக்கிறவரைக்கும் அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன், இது சத்தியம். பயந்துகொண்டேதான் நிற்பேன் அப்பா. கயிற்றை மட்டும் விட மாட்டேன்.

உங்கள் மூத்த மகள்,
மெர்சி